ஹெரால்டை விற்கக் கொடுத்தேன்

ஜூன் 3, திங்கள்

வண்டி போய்விட்டது. காலை பத்தேகாலுக்கு மோகன்ராம் ரெக்கவரி லாரியோடு வந்தார். நான்கு டயரிலும் காற்றில்லை, சங்கிலி போட்டு இழுத்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. எதிர்வீட்டுக் கமலவேணி கேட்டைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை பார்த்தாள். "சர்வீசுக்குங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அறுபத்தைந்தாம் வருட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வெளிர் நீலம், இரண்டே கதவு. கல்யாண நாளை மறந்தாலும் இதற்கு ஆயில் மாற்றும் நாளை மறக்காத மனிதர் என் வீட்டுக்காரர். அவர் போய் நாலு மாதத்துக்கு மேல் ஆகிறது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. துணி காயப்போட ஷெட் வேண்டும். அதற்காகத்தான் விற்கிறேன்.

மோகன்ராம் சூலூர்ப் பக்கம் பழைய கார்க் கடை வைத்திருக்கிறார். பார்க் அண்ட் சேல் என்கிறார்கள். வண்டியை அவர் கடையில் நிறுத்திவிட வேண்டும், மூன்று மாதத்துக்குள் ஆள் பார்த்து விற்றுக் கொடுப்பார், அவருக்குக் கமிஷன். இதுவரை சரி.

ஆர்.சி. புக்கில் இன்னும் அவர் பெயர்தான் இருக்கிறது. முறைப்படி வாரிசுச் சான்றிதழ் வாங்கி, நானும் மகள் தாரிணியும் கையெழுத்துப் போட்டு, என் பெயருக்கு மாற்றிய பிறகே விற்க முடியும். மோகன்ராம் பேர் மாற்றும் பாரங்களை மேசையில் பரப்பினார். தேதி, வாங்குபவர் பெயர் எல்லாம் காலி. "சர்ட்டிபிகேட்டுக்கு அலைஞ்சா ஆறு மாசம் ஆயிருமுங்கம்மா. சார் போடற மாதிரியே நீங்களே ஒரு சைன் போட்டுக் குடுத்துருங்க. எல்லாரும் பண்றதுதானுங்க."

போட்டுக் கொடுத்தேன். நான்கு இடத்தில் கோவர்த்தனன், கோவர்த்தனன், கோவர்த்தனன், கோவர்த்தனன். கடைசி எழுத்தின் வாலை அவர் இழுப்பதுபோலவே இழுத்தேன்.  

இன்ஷூரன்ஸ் ஆபீசில் மோட்டார் கிளைம் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவள் நான். இப்படி வந்த ஃபைல்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன், அதுவும் கொஞ்சம் இளக்காரமாக.

ஜூன் 4, செவ்வாய்

ஷெட்டைக் கழுவினேன். ஆயில் கறை போகவில்லை. இரண்டு முறை தேய்த்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

ஞாயிறுதோறும் பதினொரு மணிக்குத் தாரிணி பெங்களூரிலிருந்து பேசுவாள். நாலு நிமிடம். சாப்பிட்டாயா, மழை உண்டா, பிரஷர் மாத்திரை போட்டாயா. ஜனவரிக்குப் பிறகு எங்கள் பேச்சு அவ்வளவுதான். வைக்கும்போது, "அப்பா வண்டிய வாரத்துக்கொருக்கா ஸ்டார்ட் பண்ணச் சொல்லி மெக்கானிக்கக் கூப்பிடும்மா, பேட்டரி போயிரும்" என்றாள். "ம்" என்றேன்.

ஒரே பிள்ளை. அவளிடம் எப்போது சொல்லலாம் என்று யோசித்தேன். விற்ற பிறகு. பணத்தில் பாதியை அவள் கணக்கில் போட்ட பிறகு. அப்போது என்ன செய்துவிட முடியும். இப்படியெல்லாம் யோசிக்கிற அம்மாவாக எப்போது ஆனேன் என்று தெரியவில்லை.

ஜூன் 15, சனி

பழைய வேலைப் பழக்கம், வண்டி நம்பரைப் போட்டு அரசாங்க இணையதளத்தில் பார்த்தேன். விற்பனை பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கத்தான்.

விற்பனை இல்லை. சலான் இருக்கிறது. நேற்று மதியம் 12.10, மேட்டுப்பாளையம் ரோடு, சிவப்பு விளக்கைத் தாண்டியது. கேமரா எடுத்த படமும் கூடவே இருக்கிறது. எங்கள் ஹெரால்டுதான். முகப்பில் ரோஜா மாலை. பின் சீட்டில் இரண்டு தலைகள். உரிமையாளர்: கோவர்த்தனன்.

கடையில் நிற்க வேண்டிய வண்டி.

படத்துக்குக் கீழே ஒரு வரி இருந்தது. இன்ஷூரன்ஸ் முடிந்த தேதி: மார்ச் 14. நான்தான் புதுப்பிக்கவில்லை. ஷெட்டில் நிற்பதற்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இதை நிதானமாக எழுதிப் பார்க்கிறேன், பயம் குறைகிறதா என்று. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி யாரையாவது இடித்துவிட்டால், பதிவில் யார் பெயரோ அவர் நஷ்ட ஈடு தர வேண்டும். அவர் செத்துவிட்டால் அவர் சொத்திலிருந்து. சொத்து என்பது இந்த வீடு. இந்த வீட்டை விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது. விசாரணை என்று வந்தால் அந்தப் பாரங்கள் வெளியே வரும். செத்தவர் ஜூன் மாதத்தில் போட்ட கையெழுத்து வெளியே வரும்.

குறையவில்லை.

மோகன்ராமுக்குப் போன் போட்டேன். "கஸ்டமர் டிரையல் எடுத்தாருங்கம்மா." மாலை எதற்கு என்றேன். "வெள்ளிக்கெழமைங்கம்மா, பூச போட்டோம்" என்றார்.

ஜூன் 16, ஞாயிறு

தாரிணி பேசினாள். இன்று ஆறு நிமிடம். "வண்டி ஷெட்டுலதானம்மா இருக்கு?" என்று கேட்டாள். "பின்ன எங்க போகுது" என்றேன்.  "செரி, வெக்கறேன்" என்றாள்.

ஏன் கேட்டாள்? கமலவேணி சொல்லியிருப்பாளோ? அவளிடம் தாரிணி நம்பர் கிடையாது.

ஜூன் 17, திங்கள்

வடவள்ளியிலிருந்து காந்திபுரம், அங்கிருந்து சூலூர் பஸ். கடையில் பழைய ஜீப் இரண்டும் ஒரு அம்பாசடரும் நின்றன. ஹெரால்டு இல்லை. மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. "அந்த ப்ளூ வண்டிங்களா? ஷூட்டுக்குப் போயிருக்குதுங்க. கல்யாண போட்டோ. இந்த மாசம் புல்லா புக்கிங்குங்க" என்றாள். உங்களுக்கும் வேண்டுமா என்று நோட்டைத் திறந்தாள்.

மோகன்ராம் வந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ஓடிட்டே இருந்தாத்தானுங்கம்மா இஞ்சின் நல்லாருக்கும். சும்மா நிறுத்தி வெச்சா யாரு வாங்கறாங்க?"

விற்க வேண்டாம், பாரங்களைக் கொடுங்கள் என்றேன். ஆபீஸ் குரலில்தான் ஆரம்பித்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், டீ சொன்னார், பிறகு மெதுவாகப் பேசினார். "அம்மா, மூணு மாசம்னு எழுதிக் குடுத்திருக்கறீங்க. அவசரப்படாதீங்க. நீங்க போலீசு கீலீசுன்னு போனீங்கன்னா, மொதல்ல அவங்க பாக்கறது அந்தக் கையெழுத்தைத்தானுங்க. சார் ஜனவரிலயே தவறிட்டாரு. நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

டீயைக் குடித்தேன். அதுதான் கேவலம். பயத்தில் குடித்துவிட்டேன்.

கிளம்பும்போது ஹெரால்டு திரும்பி வந்தது. கேட் சாத்தியிருந்ததால் டிரைவர் ஹார்னை நீளமாக அழுத்தினான். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் ஓடி வந்து பிடித்து, தண்ணீர் கொடுத்தாள். "சுகருங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். எனக்குச் சர்க்கரை இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

பேப்பரில் விபத்துச் செய்திகளை மட்டும் படித்தேன். மூன்று. எல்லாம் பைக்.

ஜூன் 20, வியாழன்

'பழைய கார் மோதி முதியவர் படுகாயம்', ஏழாம் பக்கம். அன்னூர் ரோடு. வண்டி எது, என்ன நிறம் ஒன்றும் போடவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தேன், பாத்திரம் கருகியது. வெளியே எந்த பைக் நின்றாலும் போலீஸ் என்று நினைத்தேன். கேஸ் சிலிண்டர்க்காரன் பெல் அடித்தபோது பூஜை அறைக்குள் போய் நின்றுகொண்டேன். சிலிண்டர் திரும்பிப் போய்விட்டது.

மத்தியானம் டி.வி.யில் அதே செய்தி. அது அம்பாசடர். அப்பாடா என்றேன், வாய்விட்டே சொன்னேன். பிறகுதான் ஆஸ்பத்திரியில் கிடக்கும் அந்த மனிதரை நினைத்தேன். என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் குறைந்துகொண்டே வருகிறது.

ஜூன் 21, வெள்ளி

இன்னொரு சலான். ஊட்டி மலைப்பாதை, வேகம். மலையில் அந்த பிரேக்கை நம்பி.

ஜூன் 22, சனி

எங்கள் கம்பெனிக்காக வழக்காடிய வக்கீல் பிரான்சிஸுக்குப் போன் செய்தேன். 'தெரிந்த ஒரு அம்மாவுக்கு' என்று ஆரம்பித்தேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "மேடம், அந்தம்மா ரொம்பப் பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க" என்றார். உரிமையாளர் இறந்துவிட்டார், பெயர் மாற்றக் கூடாது என்று வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக் கொடுத்தால் அந்தப் பாரங்கள் வெறும் காகிதம். கையெழுத்து விஷயத்தில் ஏமாற்றப்பட்டது யார்? இன்னொரு வாரிசு. அவர் கையில்தான் எல்லாம். "அந்தம்மா பொண்ணுகிட்ட உண்மையச் சொல்லிட்டாப் போதும் மேடம். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்கிறார்.

சரி. உண்மையைச் சொல்வதென்றால் எதுவரை சொல்வது? ஏன் விற்றாய் என்றுதானே முதலில் கேட்பாள். இதை எங்கேயும் எழுதக் கூடாது என்றிருந்தேன். எழுதிப் பார்க்கிறேன், சொல்ல வருகிறதா என்று.

ஜனவரி 24. காலை டிபனுக்கு இரண்டு முறை கூப்பிட்டேன். அவர் ஷெட்டில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். வரேன் வரேன் என்றார், வரவில்லை. எனக்குக் கோபம். இட்லி ஆறிக்கொண்டிருந்தது. அப்போது ஹார்ன் சத்தம். ஒரே நீளமாக. எத்தனை மணி நேரம்தான் இந்த மனிதர் அங்கேயே கிடப்பார் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது ஐம்பது. டார்ச் பிடிக்க என்னைக் கூப்பிட அவர் ஹார்ன் அடிப்பது வழக்கம். கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டு கிடக்கட்டும் என்று போகவில்லை. சத்தம் நின்றது. கிரைண்டரைப் போட்டேன். பதினொன்றுக்குப் போய்ப் பார்த்தேன். ஸ்டீயரிங் மேல் கிடந்தார்.

தாரிணி அன்று சாயங்காலம் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஒரு மணி நேரமா உனக்கு ஒரு சத்தம்கூடக் கேக்கலியாம்மா?" என்றுதான். "கிரைண்டர் ஓடுச்சு கண்ணு" என்றேன். நம்பாதவள்போல என்னைப் பார்த்தாள். அதன் பிறகு நாலு நிமிடப் பேச்சுதான்.

துணி காயப்போட அல்ல. ஷெட்டைத் தாண்டும்போதெல்லாம் அந்தச் சத்தம் திரும்ப வருமோ என்று பயந்துதான் வண்டியைக் கொடுத்தேன். இப்போது அது கோயம்புத்தூர் முழுக்க ஹார்ன் அடித்துக்கொண்டு திரிகிறது.

ஜூன் 23, ஞாயிறு

பதினொரு மணி. பன்னிரண்டு. ஒன்று. அவள் போன் செய்யவில்லை. நானாகவும் செய்யவில்லை.

ஜூன் 24, திங்கள்

காலை ஏழு மணிக்குக் கேட் திறக்கும் சத்தம். தாரிணி. தோளில் ஒரே ஒரு பை. வீட்டுக்குள் வரவில்லை, நேராக ஷெட்டுக்குப் போனாள். கொடியில் என் புடவை இரண்டு காய்ந்துகொண்டிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாருக்கு வித்தே?"

"விக்கல. விக்கக் குடுத்திருக்கேன்."

"ரெண்டு சலான் வந்திருக்கு. பதினாலாந்தேதி ஒண்ணு, போன வெள்ளிக்கெழமை ஒண்ணு. ரெண்டும் அப்பா நம்பருக்குத்தான் மெசேஜ் வருது. அந்த சிம்மு எங்கிட்டத்தான் இருக்கு."

அவர் போனைக் காரியம் முடிந்த அன்றே அவள் எடுத்துப் போய்விட்டாள் என்பது எனக்குத் தெரியும். போட்டோக்களுக்காக என்று நினைத்திருந்தேன். சிம்முக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறாள் என்று தெரியாது.

"ஒரு வாரமா நீயா சொல்லுவேன்னு பாத்தேன்" என்றாள். "அப்பா பேர்ல இருக்கற வண்டிய எப்படிம்மா குடுத்தே? யாரு கையெழுத்துப் போட்டா?"

சொன்னேன். அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் முன் வைத்தாள். "போட்டுக் காட்டு."

இதற்கு அவள் என்னை அறைந்திருக்கலாம். போட்டுக் காட்டினேன். அதை ரொம்ப நேரம் பார்த்தாள். விரலால் அந்த வாலைத் தொட்டாள். "அப்படியே இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

பத்து மணிக்கு இரண்டு பேரும் சூலூரில் இருந்தோம். மோகன்ராம் எனக்குப் பாடிய அதே பாட்டை அவளுக்கும் பாடினார். மூன்று மாதம், போலீஸ், கையெழுத்து. அவள் கேட்டுக்கொண்டாள். "அண்ணா, நானும் ஒரு வாரிசு. நான் கையெழுத்துப் போடல. பாரத்தக் குடுத்தீங்கன்னா கெளம்பிருவோம். இல்லீன்னா இங்கயே உக்காந்து புகார் எழுதறேன். அதுல எங்கம்மா பேரும் வரும், உங்க பேரும் வரும். கல்யாண புக்கிங்கும் வரும். எங்கம்மா பேரு வந்தா எனக்குப் பரவால்ல."

அந்தப் பரவால்லையை மிரட்டலுக்குச் சொன்னாளா, மெய்யாகவே சொன்னாளா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. மோகன்ராமுக்கும் தெரியவில்லை போலும். பீரோவைத் திறந்தார்.

அவள் பாரங்களைக் கிழிக்கவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். ஏன் கிழிக்கவில்லை என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வண்டியை ஓட்டியே கொண்டுபோகலாம் என்றாள். அதற்கு மட்டும் எனக்குக் குரல் வந்தது. இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஒரு அடி நகரக் கூடாது என்றேன். "போலிக் கையெழுத்துப் போடுவே, ஆனா இன்ஷூரன்ஸ் இல்லாம ஓட்டக் கூடாது" என்றாள். ரெக்கவரி லாரிக்காகக் காத்திருந்து, ஒரு மணிக்கு வீடு வந்தோம்.

ஜூன் 25, செவ்வாய்

காலையில் அவள் ஷெட்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வைப்பரில் ரோஜா இதழ்கள் சிக்கியிருந்தன. நான் வாசலிலேயே நின்றேன். ஆர்.டி.ஓ.வுக்கென்று பிரான்சிஸ் எழுதி அனுப்பியிருந்த கடிதத்தில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன், இந்த முறை என் பெயரை. அவளும் போட வேண்டும். அவள் பேனாவைத் தொடாமல் கேட்டாள்.

"பணத்துக்காகவாம்மா?"

"இல்ல."

"பின்ன?"

 இனிமேல் பொய்யைக் காப்பாற்ற எனக்குச் சக்தி இல்லை. "அன்னிக்கு அப்பா ஹார்ன் அடிச்சாரு கண்ணு. நீளமா. எனக்குக் கேட்டுச்சு. நான் போகல."

அவள் துணியைக் கீழே போட்டாள். கத்துவாள், பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள், இனி ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை என்று நினைத்தேன். அவள் வண்டிக் கதவைத் திறந்து சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் பேசியது எனக்கு முதலில் விளங்கவில்லை.

"எனக்கும் கூப்பிட்டாரும்மா. போன்ல. மீட்டிங்ல இருந்தேன், கட் பண்ணிட்டேன். அவரு போன்லயே இருக்கு, ஒம்போது நாப்பத்தாறு. நீ பாத்துருவியோன்னுதான் போன எடுத்துட்டுப் போனேன். உன்னையக் கேள்வி கேட்டேனே, அதும் அதுக்குத்தான்."

 அவளே தொடர்ந்தாள்.

"எனக்குத்தான் மொதல்ல கூப்பிட்டிருக்காரு, இல்லையா? நான் எடுத்திருந்தா ஒடனே உனக்குச் சொல்லியிருப்பேன். அவரு ஹார்னே அடிச்சிருக்க வேண்டாம்."

முப்பத்தொரு வருடம். எந்த ஃபைல் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது நேரத்தைத்தான். எது முன்னால், எது பின்னால். அதை வைத்துத்தான் பொறுப்பு யாருக்கென்று எழுதுவோம். நேரத்தை மாற்றிச் சொன்ன ஒரு ஆளைக்கூட நான் விட்டதில்லை.

"இல்ல கண்ணு" என்றேன். "ஹார்ன் அடிச்சது ஒம்போதரைக்கு. எனக்குத்தான் மொதல்ல."

தலையைத் தூக்கினாள். "நெசமா?"

"கடியாரத்தப் பாத்தேன். இட்லி ஆறுதேன்னு பாத்தேன். ஒம்போதரை. பதினாறு நிமிசம் எனக்காகக் காத்திருந்துட்டு அப்பறம்தான் உன்னையக் கூப்பிட்டிருக்காரு. அப்ப எல்லாம் முடியற நேரம். நீ எடுத்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில் இனி எனக்கு என்னென்ன இருக்கிறதோ தெரியாது, பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளுக்கு விம்மல் நின்றிருந்தது. பிறகு கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

மத்தியானம் ரசமும் உருளைக்கிழங்கும் வைத்தேன். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இப்போது முன் அறையில் தூங்குகிறாள். வியாழக்கிழமை வரை இருப்பாளாம்.

அதற்குள் இந்த டைரியில் ஜூன் 22-ஆம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.